வளைவில் மாட்டும் குவி ஆடியை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது?

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்து வாசல் சாலை வளைவின் உட்புறத்தில் இருக்கிறது. ஜீப்பை வெளியே எடுக்கும்போது வலப்பக்கமிருந்து வரும் வண்டியை மண்மேடும் சில்வர் ஓக் மரங்களும் மறைக்கின்றன. வாசலுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம் குவி ஆடி, அதாவது முகம் வெளியே புடைத்த கண்ணாடி, ஒன்று மாட்ட நினைக்கிறார். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் இருக்கும் ஆடிகளில் வண்டி எங்கோ தொலைவில் வருவது போலத் தெரிகிறது, திரும்பியதும் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. அந்த ஆடி தப்பாகக் காட்டுகிறதா? அதற்குப் பதில் பீரோவில் இருப்பது போன்ற தட்டைக் கண்ணாடியைப் பெரிதாக மாட்டினால் சரியான தூரம் தெரியாதா? கோடையில் வெயில் பட்டு, காய்ந்த புல்லில் தீப்பிடிக்காதா? இவைதான் கேள்விகள்.

கேள்வி மூன்று என்றாலும் அவர் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றுதான்: ஆடியில் தெரியும் படத்தை எந்த விஷயத்தில் நம்பி வண்டியை எடுக்கலாம் என்பது. அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டி வருகிறதா இல்லையா என்பதற்கு குவி ஆடியை நம்பலாம். எவ்வளவு தூரத்தில் வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது என்பதற்கு நம்பக்கூடாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் எந்த அளவு ஆடி வாங்குவது, எப்படித் திருப்பி வைப்பது என்பதும் விளங்கும்.

ஒளி திரும்புவதற்கு விதி ஒன்றுதான். கதிர் விழும் புள்ளியில் பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். வந்த கதிர் அந்தக் கோட்டோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ, அத்தனை டிகிரி சாய்வில் கோட்டின் மறுபக்கம் வெளியேறும். பரப்பு தட்டையோ குவிந்ததோ குழிந்ததோ, இதில் மாற்றமில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் அதன் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிட, மிகப் பெரியவை. புள்ளிக்குப் புள்ளி செங்குத்துக் கோடு வேறு திசையில் நிற்பதால் கதிர்கள் கலைந்து வெறும் வெளிச்சமாகத் திரும்புகின்றன, படமாகச் சேர்வதில்லை.

தட்டைக் கண்ணாடியில் எல்லாப் புள்ளிகளுக்கும் செங்குத்து ஒரே திசை. வண்டியின் முகப்பு விளக்கிலிருந்து விரிந்து வரும் கதிர்கள் கண்ணாடியில் பட்ட பிறகும் அதே அளவு விரிந்துகொண்டே கண்ணுக்கு வருகின்றன. அவற்றைப் பின்னோக்கி நீட்டினால், விளக்கு கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும். அங்கே ஒளி எதுவும் போவதில்லை. கண்தான் அங்கிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. பள்ளிப் புத்தகம் மாய பிம்பம் என்று சொல்வது இதைத்தான். ஆடியிலிருந்து 30 மீட்டரில் வண்டி, ஆடியிலிருந்து 10 மீட்டரில் உங்கள் கண் என்றால், தட்டைக் கண்ணாடியில் வண்டி 40 மீட்டர் தள்ளி நிற்பது போலவே, அந்தத் தூரத்துக்கு உரிய அளவிலேயே தெரியும். தூரம் சரியாகத் தெரியும் என்று நீங்கள் நினைத்தது இந்த அளவுக்குச் சரி.

இடிப்பது வேறு இடத்தில். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கண்ணாடியை உங்கள் வாசலுக்கு எதிரே மாட்டினால், சாலையைப் பார்ப்பதற்கு அதை ஏறக்குறைய 45 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். அப்போது கண்ணுக்கு அதன் அகலம் சுமார் 42 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 10 மீட்டரில் இருக்கும் 42 சென்டிமீட்டர் சன்னல் வழியாகத் தெரிவது, 30 மீட்டருக்கு அப்பால் சாலையில் 1.7 மீட்டர் அகலமுள்ள துண்டு. ஒரு காரின் அகலம் அவ்வளவுதான். தலையை ஒரு முழம் நகர்த்தினால் அந்தத் துண்டும் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 6 மீட்டர் அகலச் சாலை முழுக்க அந்த இடத்தில் தெரிய வேண்டுமென்றால் 2 மீட்டருக்கு மேல் அகலமுள்ள கண்ணாடி வேண்டும். மலைக்காற்றில் அதை ஒற்றைக் கம்பத்தில் நிறுத்துவது நடக்கிற காரியமில்லை.

குவி ஆடி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அதன் முகம் ஒரு பெரிய கோளத்தின் துண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப்போக செங்குத்துக் கோடு வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். 60 சென்டிமீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் வளைவு ஆரமும் (அந்தக் கோளத்தின் ஆரம்) உள்ள ஆடியில் ஓரத்துச் செங்குத்து நடுவிலிருந்து 11.5 டிகிரி சாய்ந்திருக்கும். செங்குத்து எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல் இருமடங்கு கதிர் திரும்பும். ஆக ஒவ்வொரு பக்கமும் 23 டிகிரி. 10 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மொத்தம் 50 டிகிரி அளவுக்குப் பார்வை கிடைக்கிறது. அதே விட்டமுள்ள தட்டைக் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தாலும் கிடைப்பது மூன்றரை டிகிரிக்குள்தான்.

இந்த அகலத்துக்குக் கொடுக்கும் விலை, படம் சிறுத்துப்போவது. வெகு தொலைவிலிருந்து வரும் கதிர்கள் குவி ஆடிக்குப் பின்னால் எந்தப் புள்ளியிலிருந்து விரிவது போலத் தெரியுமோ, அந்தப் புள்ளியின் தூரமே குவியத் தொலைவு. அது வளைவு ஆரத்தில் பாதி, இங்கே 0.75 மீட்டர். 30 மீட்டர் தள்ளி வரும் காரின் பிம்பம் ஆடிக்குப் பின்னால் வெறும் 73 சென்டிமீட்டரில் விழும். உருப்பெருக்கம் 0.75-ஐ 30.75-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.024. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கார் 3.7 சென்டிமீட்டர் பொம்மையாகிவிடுகிறது. அந்தப் பொம்மையை நீங்கள் 10.7 மீட்டர் தள்ளியிருந்து பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணில் அது பிடிக்கும் கோணம் 0.2 டிகிரி, முழு நிலா பிடிக்கும் கோணத்தில் பாதிகூட இல்லை. நேரில் ஒரு கார் இவ்வளவு சின்னதாகத் தெரிய வேண்டுமானால் அது 440 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உண்மையில் அது 40 மீட்டர் பாதையில் இருக்கிறது. நீங்கள் சொன்ன திடுக்கிடல் முழுக்க இந்தப் பதினோரு மடங்கிலிருந்து வருகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிம்பம் இருக்கும் இடம் உண்மையான வண்டியைவிட உங்களுக்குக் கிட்டத்தில்தான், 10.7 மீட்டரில். ஆனாலும் தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது. இதுவரை சொன்னது வடிவியல், சந்தேகத்துக்கு இடமில்லை. தோற்றம் என்பது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை, அது ஆளுக்கு ஆள் மாறும். காரின் உயரம் நமக்குப் பழக்கமானது. சிறிதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்றுதான் மூளை முடிவெடுக்கும். தினமும் அதே ஆடியைப் பார்த்துப் பழகியவர் ஓரளவு திருத்திக்கொள்வார். வார இறுதியில் சேலத்திலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ மேலே வரும் ஓட்டுநருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அதனால் எவ்வளவு தப்பாகக் கணிப்பார் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. தப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: எப்போதும் உள்ளதைவிட அதிகத் தூரம் என்றே தோன்றும்.

வேகத்துக்கும் இதே கதிதான். அதே ஆடியில் 60 மீட்டரில் கார் 1.9 சென்டிமீட்டர், 30 மீட்டரில் 3.7, 15 மீட்டரில் 7, 5 மீட்டரில் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். தொலைவில் இருக்கும் வரை படம் வளர்வதே கண்ணுக்குப் படாது, அசையாமல் நிற்பது போல இருக்கும். கடைசிச் சில மீட்டர்களில் ஒரேயடியாகப் பெருக்கும். மெதுவாகத்தானே வருகிறான் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த அசையாத கட்டத்தில்தான்.

மேலே போட்ட கணக்கு ஒளி ஆடியில் நேராக விழுந்து திரும்பும் நிலைக்கு உரியது. உங்கள் வாசலில் அப்படி இருக்காது. கதிர் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து விழும். அப்போது குவி ஆடி கிடைமட்டத்துக்கு ஒரு குவியத் தொலைவும் செங்குத்துக்கு இன்னொன்றும் உள்ளது போல நடந்துகொள்ளும். 0.75 மீட்டர் என்பது அகலத்துக்கு 0.53 ஆகவும் உயரத்துக்கு 1.06 ஆகவும் பிரியும். 30 மீட்டரில் உள்ள கார் 5 சென்டிமீட்டர் உயரம், 3 சென்டிமீட்டர் அகலம் என்று, பக்கவாட்டில் நசுக்கியது போல ஒல்லியாகத் தெரியும். மோட்டார் சைக்கிள் ஒரு கோடாகிவிடும். ஆடியில் இரு சக்கர வண்டியைத் தவறவிடுவது இதனால் எளிதில் நடக்கும். பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டு வருபவர் ஆடியில் தப்பாமல் தெரிவார்.

இன்னொன்று, இடவல மாற்றம். நேரில் பார்த்தால், தன் இடப்பக்கம் ஒழுங்காக வரும் எதிர்வண்டி நம் பார்வையில் சாலையின் வலப்பாதியில் இருக்கும். ஆடியில் அது இடப்பாதியில் தெரியும். வளைவில் முந்தியபடி தப்பான பக்கத்தில் வருபவர் ஆடியில் வலப்பாதியில், ஒழுங்காக வருவது போலத் தெரிவார். இதை நொடிப்பொழுதில் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது யாருக்கும் கடினம். ஆடி மாட்டிய அன்று ஒருவரைச் சாலையில் உங்கள் வாசல் பக்கமாகச் சிவப்புத் துணியோடு நடந்து வரச் சொல்லி, அது ஆடியில் எந்தப் பாதியில் வருகிறது என்று வண்டி ஓட்டும் எல்லோரும் பார்த்துவிடுங்கள். அந்தப் பாதியில் எது தெரிந்தாலும் அது உங்கள் முகப்புக்கு நேராக வருகிறது என்று பொருள்.

அளவுக்கு வருவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 8.3 மீட்டர். ஆடியிலிருந்து 30 மீட்டரில் உள்ள வண்டி உங்கள் வாசலுக்கு வர மூன்றரை வினாடிதான். ஜீப் முதல் கியரில் நகர்ந்து சாலையில் நேராவதற்கே நாலைந்து வினாடி ஆகும். ஆகவே குறைந்தது 50 மீட்டர் தெரிய வேண்டும். அது 6 வினாடி தரும். 1.5 மீட்டர் ஆரமுள்ள 60 சென்டிமீட்டர் ஆடியில் 50 மீட்டரில் கார் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 3 மீட்டர் ஆரமுள்ள 1 மீட்டர் ஆடியில் அது 4.4 சென்டிமீட்டர். பார்வைக் கோணம் 50-லிருந்து 44 டிகிரியாகக் கொஞ்சம்தான் குறையும், படம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்கள் இடத்துக்கு 60 சென்டிமீட்டர் போதாது. 80 சென்டிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம், இடமும் பணமும் இருந்தால் 1 மீட்டர். கடையில் விட்டத்தை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரே விட்டத்தில் அதிகம் புடைத்ததும் உண்டு, கொஞ்சம் தட்டையானதும் உண்டு. படத்தின் அளவைத் தீர்மானிப்பது ஆரம்தான்.

ஆரத்தைக் கடையிலேயே அளக்கலாம். நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை ஆடியின் முகத்துக்குக் குறுக்கே, நடுப்புள்ளியைத் தொடும்படி பிடியுங்கள். இரண்டு ஓரங்களிலும் சட்டத்துக்கும் ஆடிக்கும் உள்ள இடைவெளி சமமாக வரும்வரை சரிசெய்து, அந்த இடைவெளியை அளங்கள். பாதி விட்டத்தை அதனாலேயே பெருக்கி, இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் ஆடியில் இடைவெளி 30 மில்லிமீட்டர் என்றால் 300-ஐ 300-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். 1,500 மில்லிமீட்டர் வரும். இடைவெளியில் பாதியையும் கூட்டினால்தான் முழுச் சரி, 1,515. வாங்கும் வேலைக்கு அது தேவையில்லை. விளிம்புச் சட்டம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் அதற்கு உட்புறம் அளந்து, விட்டத்தையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆடியில் ஒரு டியூப் லைட்டைப் பார்த்தபடி தலையை மெதுவாக நகர்த்துங்கள். கோடு ஒழுங்காக வளைந்து நகர்ந்தால் நல்லது. எங்கேனும் நெளிந்தால் அந்த இடத்தில் வார்ப்பு சரியில்லை. சாலையில் அந்த நெளிவில் ஒரு வண்டியே கரைந்துபோகும்.

எந்தப் பொருளில் வாங்குவது என்றால், பின்புறம் வெள்ளி பூசிய சாதாரணக் கண்ணாடி மலைக்கு ஆகாது. வெள்ளி 95 சதவீதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பும், நல்லதுதான். ஆனால் ஓரத்தில் ஈரம் புகுந்தால் பூச்சு கறுத்து உரியும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசு பெட்டியில் இருந்தே கறுப்பதும் அதனால்தான். கல் பட்டால் உடைந்து சாலையில் சிதறும் என்பது அதைவிடப் பெரிய குறை. அலுமினியம் பூசிய அக்ரிலிக் ஆடி 90 சதவீதத்தை ஒட்டித் திருப்பும், எடை குறைவு, ஆனால் கீறல் விழும். பாலிகார்பனேட் அடி தாங்கும். அதிலும் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க மேற்பூச்சு உள்ளதாகப் பார்க்க வேண்டும். மெருகேற்றிய எவர்சில்வர் ஆடி உடையாது, குரங்கு தொங்கினாலும் தாங்கும். சேலம் இரும்பாலை இருக்கும் ஊரில் தகடு கிடைப்பதும் கடினமில்லை. ஆனால் எவர்சில்வர் திருப்புவது 60 சதவீதத்தை ஒட்டித்தான். நண்பகலில் வித்தியாசம் தெரியாது. மாலை ஆறு மணிக்கு மரநிழலில் படம் மங்கிவிடும். தகட்டைப் பட்டறையில் தட்டிக் குவித்தால் முகம் ஒழுங்கான கோளமாக வராது, படம் நெளியும். அச்சில் அழுத்தி எடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் வாசலுக்கு நான் பாலிகார்பனேட்டைத்தான் சொல்வேன்.

முகம் பெரிதாகத் தெரியும் சவர ஆடியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. அது குழி ஆடி, கூடவே கூடாது. குவியத் தொலைவுக்குள் இருக்கும் பொருளைத்தான் அது நிமிர்ந்தும் பெரிதாகவும் காட்டும். தொலைவில் வரும் வண்டியைத் தலைகீழாக, ஆடிக்கு முன்னால் காற்றில் விழும் மெய் பிம்பமாகக் காட்டும். வீட்டில் எவர்சில்வர் கரண்டியின் குழிந்த பக்கத்தையும் முதுகுப் பக்கத்தையும் முகத்துக்கு ஓரடி தள்ளிப் பிடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே தெரியும்.

தீ பற்றிய உங்கள் கவலைக்கும் இந்த வேறுபாடுதான் பதில். குழி ஆடி வெயிலை ஒரு புள்ளியில் சேர்க்கும். 20 சென்டிமீட்டர் விட்டமும் அரை மீட்டர் குவியத் தொலைவும் உள்ள நல்ல சவர ஆடி சூரியனை 5 மில்லிமீட்டருக்குள் குவிக்கும், அந்த இடத்தில் வெயிலின் செறிவு ஆயிரம் மடங்கைத் தாண்டும். மாசி, பங்குனியில் சருகும் புல்லும் காய்ந்து கிடக்கும்போது அப்படி ஒன்றைச் சன்னலோரம் வைப்பதே ஆபத்து. குவி ஆடி இதற்கு நேர் எதிர். 1.5 மீட்டர் ஆரமுள்ள ஆடியில் பட்ட வெயில் 3 மீட்டர் தள்ளி வரும்போது குறுக்களவில் 5 மடங்கு விரிந்திருக்கும், செறிவு 25-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அதனால் தீப்பிடிக்க வழியே இல்லை. கண் கூசுவது மட்டும் உண்டு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஆடிக்குள் 7 மில்லிமீட்டர் அளவில் ஒரு கூர்மையான மினுக்கம் தெரியும், அதைச் சுற்றிச் சிறிது இடத்தில் எதுவும் தெரியாது. கிழக்கோ மேற்கோ பார்த்து மாட்ட வேண்டியிருந்தால் மேலே முன்நீண்ட கவிகை உள்ளதை வாங்குங்கள்.

கம்பம் வளைவின் வெளிப்புறத்தில், உங்கள் வாசலுக்கு எதிரே வர வேண்டும். ஆடியின் கீழ்விளிம்பு சாலையிலிருந்து இரண்டரை மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும்; தாழ்ந்தால் லாரியின் சுமை இடிக்கும், சேறு தெறிக்கும். திசையைக் கண்மதிப்பில் வைக்காதீர்கள். ஆடியை 1 டிகிரி திருப்பினால் பார்வை 2 டிகிரி திரும்பும், 30 மீட்டரில் அது 1 மீட்டர் விலகல். 5 டிகிரி தப்பினால் 5 மீட்டருக்கு மேல். சாலை ஆடியின் நடுவை விட்டு ஓரத்தை நோக்கி நகர்ந்துவிடும். கயிறு வைத்துச் செய்தால் தப்பாது. ஆடி பொருத்தும் புள்ளியில் இரண்டு கயிறு கட்டுங்கள். ஒன்றை, வாசலில் நிறுத்திய ஜீப்பில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது அவர் கண் இருக்கும் இடத்துக்கு இழுங்கள். மற்றதைச் சாலையில் 50 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்த கழிக்கு இழுங்கள். வளைவு காரணமாக நேராக இழுக்க முடியாவிட்டால், கம்பத்தின் உச்சியிலிருந்து கடைசியாகத் தெரியும் இடத்துக்கு இழுத்தால் போதும். இரண்டு கயிற்றிலும் ஆடிப் புள்ளியிலிருந்து 2 மீட்டரில் முடிச்சுப் போட்டு, அந்த இரு முடிச்சுகளுக்கும் நடுவில் உள்ள புள்ளியைக் குறியுங்கள். ஆடியின் நடுமுகம் அந்தப் புள்ளியை நேராகப் பார்க்க வேண்டும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதியைக் கயிற்றால் செய்வதுதான் இது. சாலையின் ஏற்ற இறக்கமும் கயிற்றிலேயே அடங்கிவிடும் என்பதால் மலையில் இதைவிட நல்ல வழி இல்லை. சமதரையாக இருந்தால் இந்த அளவுகளுக்கு ஆடி கீழ்நோக்கி 7, 8 டிகிரி குனியும். உங்கள் சாலையின் சரிவை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. கயிறு காட்டிய திசையில் வைத்தபின் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மற்றவர் நுணுக்கமாகத் திருப்பி மரையாணியை இறுக்கட்டும்.

நீங்கள் வலப்பக்கம் திரும்பி ஏற்காடு ஊருக்குள் போகிறவர் என்றால் இடப்பக்கமிருந்து வருவதும் தெரிய வேண்டும். ஒரே ஆடியின் 50 டிகிரிக்குள் சாலையின் இரு முனைகளும் அடங்காது. ஒரே கம்பத்தில் இரண்டு ஆடிகளை வேறு வேறு திசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கயிறு பிடிக்க வேண்டும். அதிகம் புடைத்த ஒரே ஆடியால் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் படம் இன்னும் சிறுத்து, எதற்கும் உதவாமல் போகும்.

பனிமூட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏற்காட்டில் அதை விட்டுவிட முடியாது. ஆடி வழியாக வரும் ஒளி மடங்கிய பாதையில் மூட்டம் முழுவதையும் கடந்தாக வேண்டும். 30 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டத்தில், 60 மீட்டர் பாதையில் உள்ள வண்டியை ஆடியும் காட்டாது. ஆடி வெறுமையாக இருக்கிறது என்றால் சாலை வெறுமை என்று அப்போது பொருளில்லை. விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, ஓர் ஆளை இறக்கி நிறுத்தி வண்டியை எடுப்பதுதான் சரி. மூட்டமே இல்லாத தெளிந்த இரவிலும் ஆடி நனையும். வானத்தைப் பார்த்து நிற்கும் முகம் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் அதன் மேல் பனித்துளி கோக்கும். ஒவ்வொரு துளியும் ஒளியைத் தனித்தனியாக வளைத்துப் படத்தைக் கலைத்துவிடும். கவிகை இருந்தால் முகம் திறந்த வானத்தை அவ்வளவாகப் பார்க்காது, துளி குறையும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் நீண்ட கழியில் கட்டிய ஈர மென்துணியால் ஒருமுறை துடைக்கப் பழக்கிவிடுங்கள். அழுக்குக்கு ஒரு சொட்டு பாத்திர சோப்புத் தண்ணீர் போதும். பாத்திரம் தேய்க்கும் நாரும் பவுடரும் மெல்லிய கீறல்களை இழுக்கும், தின்னர் பிளாஸ்டிக்கை வெளுக்கவைக்கும்.

கம்பம் நிற்கும் இடம் சாலை எல்லைக்குள் வந்தால் அது யாருடைய சாலையோ அவர்களிடம், நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சியோ, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே குழி தோண்டுங்கள். வெளிப்புறம் பள்ளத்தாக்குப் பக்கமாக இருந்தால் குழியை ஆழமாக எடுத்து கான்கிரீட் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகினால் கம்பம் சாயும், மேலே சொன்னபடி 5 டிகிரி போதும் சாலை ஆடியின் நடுவை விட்டு விலகிப் போக. சாலையில் 50 மீட்டர் தள்ளி உள்ள கல்லிலோ மரத்திலோ வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்து, அது ஆடியில் எங்கே தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு பட்டை அதே இடத்தில் தெரியவில்லை என்றால் மறுபடி கயிறு பிடிக்க வேண்டும்.